போர் வேண்டாம் என்று எழுதினால் தேசத்துரோகமா? ஓர் ஆசிரியையின் கடிதத்துக்கு வழக்கறிஞரின் பதில்

தென்மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியை எழுதிய கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன். 2025 மே மாதம், எல்லையில் ஏவுகணைகளும் ட்ரோன்களும் பறந்துகொண்டிருந்த நாட்களில், தன் ஃபேஸ்புக் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "பஹல்காமில் கொன்றவர்களுக்குத் தண்டனை கிடைக்கட்டும். ஆனால் போர் வேண்டாம். எந்தப் பக்கம் என்றாலும் சாகிறது ஏழை வீட்டுப் பிள்ளைதான்." மறுநாள் அதன் ஸ்கிரீன்ஷாட் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து, அங்கிருந்து எப்படியோ தலைமை ஆசிரியர் கைக்குப் போய், அவர் கோடை விடுமுறையிலேயே போன் போட்டு "எடுத்துடுங்க டீச்சர், எதுக்கு வம்பு" என்று சொல்ல, இவரும் பயந்துபோய் எடுத்துவிட்டார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் அன்றிலிருந்து பேசுவதில்லை.

இப்போது அவரும் நண்பர்கள் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து, ஹிரோஷிமா நாளான ஆகஸ்ட் 6 மாலையில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மெழுகுவத்தியும் பதாகையுமாக ஒரு மணி நேரம் மௌனமாக நிற்கலாம் என்று நினைக்கிறார்கள். காவல் நிலையத்துக்குப் போய்க் கேட்டதற்கு, "30(2) அமல்ல இருக்கு, பர்மிஷன் கிடையாது" என்று பதில் வந்திருக்கிறது. சக ஆசிரியர் ஒருவர் தேசத்துரோக வழக்கு வரும், வேலை போகும் என்கிறார். நண்பர்களில் ஒருவர் அந்தப் பிரிவையே ரத்து செய்துவிட்டார்கள், பயமே வேண்டாம் என்கிறார். இன்னொருவர், மௌனமாக நிற்பதற்கு அனுமதியே தேவையில்லை, அரசியலமைப்பில் 19-வது பிரிவு இருக்கிறது என்கிறார். இதற்கு நடுவில், ஒன்பதாவது படிக்கும் மகனின் தனியார் பள்ளியிலிருந்து எல்லோரும் என்.சி.சி.யில் சேர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது, பையனுக்கு விருப்பமில்லை. கடிதம் இப்படி முடிகிறது: "நான் நாட்டுக்கு எதிரி இல்லை என்பதை யாரிடம், எப்படி நிரூபிப்பது?"

வணக்கம் டீச்சர். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். யாரிடமும் நிரூபிக்க வேண்டாம். ஒருவர் மேல் குற்றம் சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், அதுவும் நீதிமன்றத்தில். குடும்பக் குழுவிலோ ஆசிரியர் ஓய்வறையிலோ நடக்கும் விசாரணைக்கு நீங்கள் ஆஜராக வேண்டியதே இல்லை. கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்கு உறுத்தியது இன்னொன்று. இத்தனை மாதமாக உங்களைப் பயமுறுத்திய எதுவுமே காகிதத்தில் இல்லை. தலைமை ஆசிரியர் சொன்னது வாய்வார்த்தை, ஆய்வாளர் சொன்னது வாய்வார்த்தை, சக ஆசிரியர் சொன்னது கேள்விப்பட்டது. அதேபோல உங்களுக்குத் தைரியம் கொடுத்த இரண்டு நண்பர்களும் பாதிதான் சரி. அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

எழுதியது குற்றமா?

இல்லை. பேச்சுரிமை 19(1)(ஏ)-இல் இருக்கிறது, அதற்கு அரசு என்னென்ன காரணங்களுக்காகக் கட்டுப்பாடு போடலாம் என்பது 19(2)-இல் பட்டியலாகவே இருக்கிறது: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்புறவு இப்படி. அரசின் முடிவு ஒருவருக்குப் பிடிக்கவில்லை, பெரும்பான்மை ஆட்கள் நினைப்பதற்கு மாறாக அவர் நினைக்கிறார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

தேசத்துரோகப் பிரிவு ரத்தாகிவிட்டது என்று சொன்ன நண்பரை முதலில் திருத்த வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 மே 11-இல் நிறுத்தி வைத்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் எஸ்.ஜி.வொம்பத்கெரே, ராணுவத்தில் பணியாற்றியவர். அண்ணனோடு பேசும்போது இது உங்களுக்கு உதவும். 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 124ஏ இல்லை, ஆனால் 152 என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதற்கு ஆயுள் தண்டனை அல்லது ஏழு ஆண்டு வரை சிறை. ஆக, பயமே வேண்டாம் என்று சொல்வது சரியில்லை.

ஆனால் அந்த 152 எதைக் குற்றம் என்கிறது? பிரிவினையை, ஆயுதக் கிளர்ச்சியை, நாசவேலையைத் தெரிந்தே தூண்டுவது, நாட்டின் இறையாண்மைக்கோ ஒற்றுமைக்கோ ஆபத்து உண்டாக்குவது. இப்படி எதையும் தூண்டாமல், அரசின் நடவடிக்கை பிடிக்கவில்லை, சட்டப்படி அதை மாற்றுங்கள் என்று கருத்துச் சொல்வதைப் பற்றி அந்தப் பிரிவிலேயே ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் மூன்று வரியில் தூண்டுதல் எங்கே இருக்கிறது? கொலையாளிகளுக்குத் தண்டனை வேண்டும் என்றுதான் தொடங்கியிருக்கிறீர்கள். 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கிலேயே, வன்முறையைத் தூண்டினால்தான் அல்லது பொது ஒழுங்கைக் குலைக்கும் நோக்கமோ போக்கோ இருந்தால்தான் தேசத்துரோகம், கடுமையான விமர்சனம் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1984-இல் இந்திரா காந்தி கொல்லப்பட்ட அன்றே சண்டிகரில் பிரிவினைக் கோஷம் எழுப்பிய இருவரைக்கூட, அதனால் ஒன்றும் நடக்கவில்லை, யாரும் அதற்கு அசையவில்லை என்று சொல்லி 1995-இல் விடுவித்தது.

சமீபத்திய இரண்டு தீர்ப்புகள் உங்களுக்கு இன்னும் நெருக்கமானவை. மகாராஷ்டிராவில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை நீக்கிய நாளைக் கறுப்பு நாள் என்றும், பாகிஸ்தானுக்கு அதன் சுதந்திர தின வாழ்த்தும் போட்டதற்காக வழக்குப் போட்டார்கள். 2024 மார்ச் 7-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்புறம் 2025 மார்ச் 28-இல், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் பகிர்ந்த கவிதை பற்றிய வழக்கில், ஒரு பேச்சைத் திடமான மனசுள்ள, நிதானமான மனிதர் எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் எடைபோட வேண்டும், எதைக் கேட்டாலும் ஆடிப்போகிறவர்களின் கண்ணால் பார்க்கக் கூடாது என்று சொன்னது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சுக் குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் பூர்வாங்க விசாரணை நடத்துவதுதான் முறை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஆட்கள் கைதாகிறார்கள் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். நீங்கள் எழுதிய அதே மே மாதம், ஹரியானாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகப் பேராசிரியரை ஃபேஸ்புக் பதிவுக்காகக் கைது செய்தார்கள். சில நாட்களில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தந்தது, ஆனால் எழுதுவதற்கு நிபந்தனைகளோடு. கடைசியில் ஜெயிப்போம் என்பது நிச்சயமாக இருந்தாலும், ஜெயிக்கிற வரைக்கும் ஆகும் அலைச்சல், செலவு, தூக்கமில்லாத இரவுகள் உண்மையானவை. அந்த விலையைத் தரத் தயாரா என்பது நீங்கள் மட்டுமே எடுக்க வேண்டிய முடிவு. தயாரில்லை என்றாலும் அதில் வெட்கப்பட ஒன்றும் கிடையாது.

எங்கே கோடு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போர் வேண்டாம், பேச்சுவார்த்தை நடத்துங்கள், ஆயுதத்துக்குச் செலவிடும் பணத்தைப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கொடுங்கள் என்பதெல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். பணியில் இருக்கும் வீரர்களைப் பார்த்து உத்தரவை மீறுங்கள் என்று சொல்வது அந்தப் பக்கம். படைவீரரைக் கடமையிலிருந்து விலகத் தூண்டுவதற்கு 159-வது பிரிவு இருக்கிறது, கடுமையான தண்டனை. அதேபோல, ராணுவத்தில் சேராதீர்கள் என்று பொதுமக்களிடம் பிரச்சாரம் செய்வதும் ஆபத்தானது. இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு முந்தின ஆண்டான 1938-இல், ஆளெடுப்பைக் கெடுக்கும் நோக்கத்தோடு அப்படிப் பேசுவதை ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தக் காலனிய சட்டமே இரண்டு விஷயங்களை விலக்கி வைத்தது: படைகள் பற்றிய அரசுக் கொள்கையை நல்லெண்ணத்தோடு விமர்சிப்பது ஒன்று, ஒருவருக்கு அவருடைய நன்மைக்காகவும் குடும்ப நன்மைக்காகவும் அறிவுரை சொல்வது இன்னொன்று. நீங்கள் கொள்கையைப் பேசுங்கள், ஆளெடுப்பின் பக்கம் போகாதீர்கள். அப்புறம், போர்க்காலத்தில் வரும் படங்களையும் வீடியோக்களையும் தயவுசெய்து பகிர வேண்டாம். பாதிக்கு மேல் எங்கோ எப்போதோ எடுத்ததாக இருக்கும். பொய்த் தகவலுக்கான 353-வது பிரிவில் சமாதானம் பேசுகிறவர்கள் தெரியாமல் போய் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான்.

பதிவை எடுத்துவிட்டது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். தப்பில்லை. ஆனால் எடுத்துவிட்டதால் அது இல்லாமல் போய்விடவும் இல்லை, ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. நீங்கள் எழுதியதன் முழு வாசகமும் தேதியோடு உங்களிடம் இருக்க வேண்டும். நாளைக்கு யாராவது முதல் வரியை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் காட்டினால் பதில் சொல்ல அதுதான் உதவும்.

30(2) அமலில் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்?

தமிழ்நாட்டில் தெருவில் இறங்கிப் போராடிய எல்லோரும் கேட்டிருக்கும் வாசகம் இது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்த 1861-ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 30(2) பிரிவு. அமைதி கெடும் என்று தோன்றினால், கூட்டம் கூட்டுகிறவர்கள் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்று காவல் அதிகாரி அறிவிக்கலாம் என்பதுதான் அதன் சாரம். நன்றாகக் கவனியுங்கள், 30(2) அமலில் இருக்கிறது என்றால் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்று அர்த்தம். அனுமதி கிடையாது என்று அர்த்தமில்லை. இது கூட்டத்தை முறைப்படுத்தும் அதிகாரம், அடியோடு தடுக்கும் அதிகாரம் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. பொதுத்தெருவில் கூட்டம் போடும் உரிமையை அரசு முறைப்படுத்தலாம், ஒரேயடியாகப் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 1972-இல் அகமதாபாத் வழக்கு ஒன்றில் சொன்னது.

மௌனமாக நின்றால் அனுமதி வேண்டாம் என்ற நண்பருக்கும் இதே பதில்தான். 19(1)(பி) அமைதியாக, ஆயுதமில்லாமல் கூடும் உரிமையைத் தருகிறது, ஆனால் 19(3) அதற்கு நியாயமான கட்டுப்பாடு போடவும் இடம் தருகிறது. 30(2) வாயைத் திறந்தீர்களா என்று பார்ப்பதில்லை, கூடினீர்களா என்றுதான் பார்க்கும். அதை மீறினால் அந்தச் சட்டத்தில் தண்டனை 200 ரூபாய் வரை அபராதம்தான். ஆனால் நடைமுறையில் அதோடு வேறு பிரிவுகளையும் சேர்ப்பார்கள். அனுமதியில்லாமல் நின்ற அமைதியான போராட்டங்களுக்கு, சட்டவிரோதக் கூட்டம் என்றும் உத்தரவை மீறினார்கள் என்றும் போடப்பட்ட பல எஃப்.ஐ.ஆர்.களை மதுரைக் கிளை 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் ரத்து செய்தது. உத்தரவு மீறல் குற்றத்துக்குச் சம்பந்தப்பட்ட அதிகாரி எழுத்தில் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும், போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்பது அதில் முக்கியமான பகுதி. நண்பர் இதைப் படித்துவிட்டுத்தான் தைரியமாகப் பேசுகிறாரோ என்னவோ. ஆனால் அது வழக்குப் போட்ட பிறகு, உயர் நீதிமன்றம் வரை போய்ப் பெற்ற நிவாரணம். அரசு ஊழியரான உங்களுக்கு அந்த வழி வேண்டாம்.

என் யோசனை இது. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், ஆகஸ்ட் 6-க்கு மூன்று வாரம் இருக்கும்போதே. அமைப்பாளராக அரசு வேலையில் இல்லாத நண்பர் ஒருவர் கையெழுத்துப் போடட்டும். நாள், நேரம், சரியான இடம், அதிகபட்சம் எத்தனை பேர், ஒலிபெருக்கி இல்லை, ஊர்வலம் இல்லை, போக்குவரத்தை மறிக்க மாட்டோம், உருவபொம்மையோ கொடியோ எதையும் எரிக்க மாட்டோம் என்று விவரமாக எழுதுங்கள். பேருந்து நிலைய வாசலைக் கேட்காதீர்கள், ஓரமாக ஓர் இடம் கேளுங்கள், மாற்று இடம் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். பொதுவழியைக் காலவரையில்லாமல் ஆக்கிரமிக்கும் போராட்டத்தை ஏற்க முடியாது என்று 2020-இல் டெல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓரமாக ஒரு மணி நேரம் நிற்பது அப்படிப்பட்டதில்லை, அதை விண்ணப்பத்திலேயே தெரியும்படி காட்டுங்கள். ஒரு பிரதியில் காவல் நிலைய முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் அன்றைக்கே ஆய்வாளருக்கும் டி.எஸ்.பி.க்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அந்த விண்ணப்பத்தில் இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்வேன். நம் நாடாளுமன்றமே ஆகஸ்ட் மாதத்தில் கூட்டத்தொடர் நடக்கும்போது ஹிரோஷிமா, நாகசாகியில் இறந்தவர்களை நினைத்து எழுந்து நின்று மௌனம் காக்கும் வழக்கம் இருக்கிறது. நீங்கள் கேட்பதும் அதே மௌனம்தான். அடுத்து, அரசியலமைப்பின் 51-வது பிரிவு, சர்வதேச அமைதியை வளர்க்கவும் நாடுகளின் தகராறுகளை நடுவர் மூலம் தீர்ப்பதை ஊக்குவிக்கவும் அரசு பாடுபட வேண்டும் என்கிறது. 51ஏ-இல் குடிமக்களின் கடமைகளைச் சொல்லும்போது, நாட்டைக் காப்பதும் இருக்கிறது, வன்முறையை விட்டொழிப்பதும் இருக்கிறது. உங்கள் பதாகை அரசியலமைப்புக்கு வெளியே நிற்கவில்லை என்பதை ஆய்வாளர் அந்தக் காகிதத்திலேயே படிக்கட்டும்.

மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். ஒரு வாரம் பத்து நாள் போயும் பதிலே இல்லை என்றால் 226-வது பிரிவின் கீழ் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். இந்த மாதிரி மனுக்களில் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொல்லியோ நிபந்தனைகளோடு அனுமதி தரச் சொல்லியோ உத்தரவு வருவது வழக்கம்தான். கடைசி நாளில் ஓடாதீர்கள், கையில் ஒரு வாரமாவது இருக்கட்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, உண்மையில் இந்த ஆண்டுக்கு எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஓர் அரங்கத்தில் உள்ளரங்கக் கூட்டமாக நடத்துங்கள். நான்கு சுவருக்குள் நடக்கும் அமைதியான கூட்டத்துக்குப் பொதுவாகப் போலீஸ் அனுமதி தேவையில்லை. குண்டுவீச்சில் தப்பிப் பிழைத்தவர்களின் ஜப்பானிய அமைப்பான நிஹான் ஹிடாங்க்யோவுக்கு 2024-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் சொன்ன அனுபவங்களை வாசிக்கலாம், பேசலாம், கேள்வி கேட்கலாம். தெருவில் ஒரு மணி நேரம் நிற்பதைவிட, வந்து உட்கார்ந்து கேட்கிற முப்பது பேரிடம் ஆழமாகப் போய்ச் சேரும். தெருவில் நிற்பது முக்கியமில்லை என்று நான் சொல்லவே இல்லை. போர் பற்றிய பேச்சு பொது இடத்தில் ஒரே குரலில் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது நல்லதல்ல, இன்னொரு குரல் அங்கே இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அதை அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

வேலை

உங்களுக்கு உண்மையான ஆபத்து இருப்பது 152-இல் இல்லை, 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளில்தான். பொதுவெளியில் அரசின் நடப்புக் கொள்கையை எதிர்த்து விமர்சிப்பதையும், நாட்டின் பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ கேடான ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொள்வதையும் அது தடுக்கிறது. ஃபேஸ்புக்கில் நண்பர்களுக்கு மட்டும் தெரியும்படி போட்டேன், அதனால் விதி பொருந்தாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உறுதியான பாதுகாப்பு இல்லை. தொழிற்சங்க வாட்ஸ்அப் குழுவுக்குள் ஒரு வங்கி ஊழியர் புலம்பியதற்காகத் தரப்பட்ட குற்றச்சாட்டுக் குறிப்பாணையை மதுரைக் கிளை 2023-இல் ரத்து செய்தது உண்மை. ஆனால் அது நாலு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தனிக்குழு. சில நூறு பேர் நண்பர்களாக இருக்கும் ஃபேஸ்புக் பக்கத்தை நீதிமன்றம் அப்படியே பார்க்கும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

அதே நேரம், அரசு வேலையில் சேர்ந்ததால் ஒருவர் தன் அடிப்படை உரிமைகளை வாசலில் விட்டுவிட்டு வருவதில்லை. எந்த ஆர்ப்பாட்டத்திலும் கலந்துகொள்ளக் கூடாது என்ற பீகார் அரசின் விதியை 1962-இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2020-இல் திரிபுரா உயர் நீதிமன்றமும், ஒரு கூட்டத்துக்குப் போனதற்காகவும் ஃபேஸ்புக் பதிவுக்காகவும் ஓர் அரசு ஊழியர் மேல் எடுத்த நடவடிக்கையை ரத்து செய்தது. ஆனால் இவையெல்லாம் நடவடிக்கை எடுத்த பிறகு வந்த தீர்ப்புகள் என்பது நினைவிருக்கட்டும்.

ஆகவே மூன்று விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒன்று, பதாகை வாசகம். 'இன்னொரு ஹிரோஷிமா வேண்டாம்', 'அணு ஆயுதம் இல்லாத உலகம்' என்பதை நடத்தை விதிக்குள் இழுப்பது கஷ்டம். குறிப்பிட்ட ஓர் அரசையோ அமைச்சரையோ தாக்கும் வாசகம் இருந்தால் நீங்கள் அங்கே நிற்காதீர்கள், மற்ற நண்பர்கள் நிற்கலாம். இரண்டு, மாணவர்களை அழைத்து வராதீர்கள். தாங்களாக வருகிறோம் என்றாலும் வேண்டாம், வகுப்பறையில் அறிவிக்கவும் வேண்டாம். உங்கள் கருத்துக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவே அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(பி)-இல் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்துவிடும், அப்போது உங்கள் பக்கம் பேச எனக்கும் வார்த்தை குறையும். மூன்று, அனுமதி இல்லாத நிகழ்வில் நீங்கள் இருக்கக் கூடாது. கைது செய்து மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டுவிடுவார்கள் என்று சாதாரணமாகச் சொல்வார்கள். ஆனால் என்ன காரணத்தினாலோ ரிமாண்ட் ஆகி 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்துவிட்டால் அரசு ஊழியர் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கப்பட்டதாகவே விதி கருதும்.

17(பி) வந்தால்கூட உடனே வேலை போய்விடாது. குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும். வாயால் மிரட்டி யாரையும் வேலையை விட்டு எடுக்க முடியாது. தலைமை ஆசிரியர் மறுபடி ஏதாவது சொன்னால், மரியாதையாக, "சார், எழுத்துல கொடுங்க, நான் எழுத்துலயே பதில் தர்றேன்" என்று கேளுங்கள்.

போலீஸிலிருந்து விசாரணைக்கு என்று கூப்பிட்டால், எந்தச் சட்டப் பிரிவில் என்று எழுத்தில் அழைப்பாணை கேளுங்கள். சாட்சி விசாரணைக்குப் பெண்களைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். விதிவிலக்கான சூழ்நிலையில், மாஜிஸ்திரேட் அனுமதியோடு தவிர, சூரியன் மறைந்த பிறகு உதிப்பதற்கு முன் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. இலவசச் சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

மகனின் என்.சி.சி.

இது சுலபமானது. 1948-ஆம் ஆண்டின் தேசிய மாணவர் படைச் சட்டம், மாணவர் தானாக முன்வந்து பெயர் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. 1962 போருக்குப் பிறகு 1963-இல் கல்லூரிகளில் கட்டாயமாக்கி, 1968-இல் மறுபடி விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். பள்ளி மாணவனைச் சேர்க்கப் பெற்றோர் சம்மதமும் வேண்டும். கையெழுத்துப் போடாதீர்கள், எங்கள் மகனுக்கு விருப்பமில்லை, சாரணர் இயக்கமோ வேறு சேவைப் பணியோ இருந்தால் சேர்வான் என்று இரண்டு வரியில் முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள். மனசாட்சி காரணமாகத் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற மூன்று பிள்ளைகளைக் கேரளாவில் பள்ளியை விட்டு அனுப்பியபோது, 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்ன நாடு இது.

ஒரே ஒரு விஷயம். விருப்பமில்லை என்பது பையனுடைய எண்ணமா, உங்களுடையதா என்று ஒரு முறை தனியாகக் கேட்டுப் பாருங்கள். என்.சி.சி.யில் சேர்ந்தால் போருக்குப் போக வேண்டும் என்ற கடமை எதுவும் கிடையாது, நிறையப் பிள்ளைகள் மலையேற்றத்துக்கும் முகாமுக்கும் ஆசைப்பட்டுச் சேர்கிறார்கள். அவனுக்கு ஆசை இருந்தால் அதைத் தடுப்பதும் ஒரு வகைக் கட்டாயம்தான்.

அண்ணன்

இதற்குச் சட்டப் பிரிவு கிடையாது, ஆனால் கடிதத்தில் அதிக வலி இங்கேதான் இருக்கிறது. உங்கள் அண்ணன் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் நினைக்கவில்லை. சாகிறது ஏழை வீட்டுப் பிள்ளைதான் என்ற வரியை நீங்கள் அக்கறையில் எழுதினீர்கள். கூட நின்றவர்களைப் பறிகொடுத்த ஒருவருக்கு, அவர்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்ட கடமையை வெறும் ஏழ்மையாகச் சுருக்கிவிட்டதாகப் பட்டிருக்கும். அந்த வரிக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம், ஆனால் அவருக்கு அது எப்படிக் கேட்டது என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் இல்லை, நேரில் போய்.

போரை எதிர்ப்பது வேறு, போர்வீரரை எதிர்ப்பது வேறு என்று நீங்கள் விளக்குவதைவிட, அட்மிரல் ராம்தாஸைப் பற்றி அவரிடம் பேசுங்கள். 1971 போரில் போர்க்கப்பலுக்குத் தலைமை தாங்கி வீர் சக்ரா பெற்றவர், 1990 முதல் 1993 வரை கடற்படைத் தளபதி. ஓய்வுக்குப் பிறகு இந்திய–பாகிஸ்தான் மக்கள் நட்புறவுக்காகவும் அணு ஆயுத ஒழிப்புக்காகவும் உழைத்து, 2004-இல் பாகிஸ்தானின் ஐ.ஏ.ரஹ்மானோடு சேர்ந்து மகசேசே விருது வாங்கினார். 2024-இல் காலமானார். அவரைத் தேசத்துரோகி என்று அண்ணனால் சொல்ல முடியாது. இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சொல்லிக்கொடுத்தது என்று குடும்பக் குழுவில் யாரோ எழுதியதாகச் சொன்னீர்களே, அவருக்கு ராஜாஜியை நினைவுபடுத்தலாம். 1962-இல், 83 வயதில், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்பதற்காக வாஷிங்டன் வரை போய் அதிபர் கென்னடியைச் சந்தித்தவர் அவர். அதற்கும் பல நூற்றாண்டு முன்னால், நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டு உள்ளே நெடுங்கிள்ளி அடைபட்டுக் கிடந்தபோது, இரண்டு பேரும் சோழர்தான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று நடுவில் நின்று சொன்ன கோவூர் கிழார் தமிழ்ப் புலவர்.

நீங்கள் இருவரும் ஒத்துப்போகிற இடம் ஒன்று நிச்சயமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ராணுவத்தை ஓட்டு வாங்கும் கருவியாக்குவது. 2019 தேர்தலுக்கு முன் மார்ச் மாதத்தில், படைவீரர்களின் படங்களைப் பிரச்சாரத்தில் போடாதீர்கள் என்று தேர்தல் ஆணையமே கட்சிகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது. மேடையில் சீருடையைக் காட்டிக் கைதட்டல் வாங்குகிறவர்கள் மேல் பணியில் இருந்தவர்களுக்கே அதிகம் எரிச்சல் இருக்கும். அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். அவர் ஆகஸ்ட் 6-ஆம் தேதி கூட்டத்துக்கு வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அழைப்பு மட்டும் கொடுங்கள்.

விண்ணப்பத்தின் வரைவை அனுப்பினால் பார்த்துத் திருத்தித் தருகிறேன். மறுப்பு வந்தால் அந்த உத்தரவின் நகலையும், ஒப்புகை முத்திரையோடு உள்ள பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள், மனு போட அவை இரண்டும் கட்டாயம் வேண்டும்.